கண்ணாடிக்கும் சவ்வுக்கும் நடுவே இரண்டு நானோமீட்டர்

செல் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம் என்ன செய்கிறது என்பதைச் செல்லுக்குள் வைத்தே பார்ப்பது பெரும்பாடு. சுற்றிலும் எத்தனையோ வகைப் புரதங்கள் நெருக்கியடிக்கின்றன. அடியில் ஆக்டின் என்னும் புரத இழைகளின் வலை பிடித்து நிறுத்துகிறது. சவ்வை ஆக்கும் கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிட்களின் கலவையோ நம் கையில் இல்லை. ஆகவே அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து, நாமே கலவை தீர்மானித்த லிப்பிட் ஈரடுக்கில் (இரண்டு லிப்பிட் அடுக்குகள் சேர்ந்த படலத்தில்) வைத்து, அந்த ஈரடுக்கைக் கண்ணாடி மேல் தட்டையாகப் பரப்பி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை உருவானது. 1984-இல் ஸ்டான்ஃபோர்டில் பிரையனும் மெக்கானலும் ஈரடுக்கே சுவராக, உள்ளே நீர் கொண்ட லிப்பிட் நுண்குமிழ்களைக் கண்ணாடி மேல் விட்டாலே அவை உடைந்து ஈரடுக்காகப் பரவுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு டாமும் மெக்கானலும் அந்த ஈரடுக்கின் இயல்புகளை விரிவாக அளந்தார்கள். இன்றைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் ஒரே நாளில் இதைச் செய்துவிட முடியும்.

ஈரடுக்கைப் பரப்புவது எளிது. அதில் புரதம் உயிரோட்டத்தோடு இருக்கிறதா என்று நிரூபிப்பதுதான் வேலை. ஈரடுக்கின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். அதற்கும் கண்ணாடிக்கும் இடையே நிற்கும் நீர்ப்படலம் 1 முதல் 2 நானோமீட்டர்தான். லிப்பிட் மூலக்கூறுகளுக்கு அந்த மெல்லிய நீரே போதும், வழுக்கிக்கொண்டு ஓடும். சவ்வைத் துளைத்து இருபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்துக்குப் போதாது. அதன் அடிப்பகுதி பல நேரம் 3, 5, 10 நானோமீட்டர்கூட நீண்டிருக்கும். ஆழமில்லாத கழிமுகத்தில் தரை தட்டிய தோணிபோல அது கண்ணாடியில் சிக்கிக்கொள்கிறது. சிக்கியது நகராது. சில நேரம் அங்கேயே மடிப்பு குலைந்தும் போகும். லிப்பிட் ஓடுகிறது என்பதைக் காட்டிவிட்டு, புரதமும் அப்படியே என்று எண்ணிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை.

இதற்குத் தெளிவான சான்று 1991-இலேயே வந்துவிட்டது. எல்எஃப்ஏ-3 என்ற ஒட்டுப் புரதம் இயற்கையில் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று ஜிபிஐ என்னும் லிப்பிட் நங்கூரத்தால் மேலடுக்கில் மட்டும் பிடித்திருப்பது. மற்றது சவ்வை முழுக்கத் துளைத்துச் செல்வது. ஸ்பிரிங்கர், கோலன், டஸ்டின் ஆகியோர் இடம்பெற்ற குழு இரண்டையும் கண்ணாடி மேல் ஈரடுக்கில் வைத்துப் பார்த்தது. ஜிபிஐ வடிவம் ஓடியது, துளைத்துச் செல்லும் வடிவம் அசையவே இல்லை. அதே புரதம், அதே லிப்பிட். வேறுபாடு அடியில் நீட்டிக்கொண்டிருந்த பகுதிதான். செல்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் வலிமையும் இதனால் மாறியது, ஓடும் வடிவத்தில் பிடிப்பு வலுத்தது. 1999-இல் டி செல்லின் நோயெதிர்ப்பு சினாப்ஸை, அதாவது அது இன்னொரு செல்லைத் தொட்டு உறவாடும் இடத்தை, ஈரடுக்கின் மேல் படம்பிடித்த புகழ்பெற்ற வேலையில் ஐகேம்-1, எம்ஹெச்சி புரதங்களை ஜிபிஐ நங்கூரத்தோடு வைத்தது இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே. உங்கள் கேள்விக்குப் புரதத்தின் வெளிப்பகுதி மட்டும் போதுமென்றால் அந்த வழியே போங்கள். அல்லது ஹிஸ்டிடின் அமினோ அமில வால் வைத்த வெளிப்பகுதியை, அந்த வாலைப் பிடிக்கும் நிக்கல்-என்டிஏ லிப்பிட் 1 முதல் 4 மோல் விழுக்காடு கலந்த ஈரடுக்கில் ஒட்டவையுங்கள். பஃபரில் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏ இருந்தால் நிக்கல் உருவப்பட்டுவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முழுப் புரதமும் சவ்வுக்குள் வேண்டும் என்பவர்களுக்குத்தான் மீதிப் பாடு.

முதலில் கண்ணாடி

தோல்விகளில் பெரும்பாலானவை கண்ணாடி கழுவுவதில் தொடங்குகின்றன. 0.17 மில்லிமீட்டர் தடிமன் கவர்ஸ்லிப்பை 2 விழுக்காடு ஹெல்மனெக்ஸ் போன்ற காரச் சோப்பில் மிதச் சூட்டில் அரைமணி நேரம் ஊறவைத்து, 18.2 மெகாஓம் தூய நீரில் பலமுறை அலசி, நைட்ரஜனில் உலர்த்தி, பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற வாயுவில்) சில நிமிடமோ யூவி-ஓசோனில் 20 முதல் 30 நிமிடமோ வைக்க வேண்டும். சோப்பின் மிச்சம் கண்ணாடியில் இருந்தால் அது ஈரடுக்கையே கரைத்து ஓட்டை போடும். அலசலில் சிக்கனம் கூடாது. பிரானா கரைசல், அதாவது அடர் கந்தக அமிலம் 3 பங்குக்கு 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 1 பங்கு, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அசிட்டோன் போன்ற கரிமப் பொருள் துளி பட்டாலும் வெடிக்கக்கூடியது. மூடிய பாட்டிலில் வைக்கவே கூடாது. பிளாஸ்மா வசதி இருக்கும்போது பிரானாவுக்குப் போவதற்கு நியாயமில்லை. சரியாகக் கழுவிய கண்ணாடியில் நீர்த்துளி நிற்காது, படர்ந்துவிடும். அந்த நிலை நீடிக்காது. காற்றிலுள்ள கரிம ஆவிகள் படிய ஆரம்பிக்கும், எனவே பிளாஸ்மாவிலிருந்து எடுத்த கையோடு பயன்படுத்திவிட வேண்டும்.

அணுவிசை நுண்ணோக்கிக்கு என்றால் கண்ணாடியை விட மைக்கா நல்லது. ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தால் அணு அளவுக்குச் சமதளமான புதுப் பரப்பு கிடைக்கிறது, கழுவும் வேலையே இல்லை.

குமிழ் தயாரிப்பு

தொடக்கத்துக்குப் பிஓபிசி அல்லது டிஓபிசி என்ற லிப்பிட் ஏற்றது. இரண்டும் அறை வெப்பத்தில் திரவ நிலையில் இருப்பவை. டிபிபிசி என்ற லிப்பிட் 41 டிகிரி செல்சியஸில்தான் உருகும், அதோடு தொடங்கினால் எல்லாமே அந்த வெப்பத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஒளிரும் லிப்பிட் அரை மோல் விழுக்காடு போதும். குளோரோஃபார்மில் கரைந்த லிப்பிட்டைக் கண்ணாடி சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும். பிளாஸ்டிக் டிப் பட்டால் குளோரோஃபார்ம் அதிலிருந்து கரைத்தெடுப்பதும் கூடவே வந்து ஈரடுக்கில் சேரும். கண்ணாடிக் குப்பியில் நைட்ரஜன் ஓட்டத்தின் கீழ் சுழற்றி மெல்லிய படலமாக உலர்த்தி, வெற்றிடத்தில் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் இரவு முழுதும் வைக்க வேண்டும். பிறகு 10 மில்லிமோலார் ஹெப்பெஸ், 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, பிஹெச் 7.4 பஃபரை ஊற்றி, மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் செறிவில் குலுக்கிக் கலக்குவது. திரவ நைட்ரஜனில் உறையவைத்து வெந்நீரில் உருக்குவதை ஐந்து முதல் பத்து சுற்று செய்தால் பல அடுக்குக் குமிழ்கள் பிரியும். அதன்பின் 100 அல்லது 50 நானோமீட்டர் துளையுள்ள பாலிகார்பனேட் வடிதாள் வழியாக எக்ஸ்ட்ரூடர் என்னும் இரட்டைச் சிரிஞ்சுக் கருவியில் 11 அல்லது 21 முறை தள்ள வேண்டும். ஒற்றைப்படை எண்ணுக்குக் காரணம் உண்டு. கடைசித் தள்ளலில் மாதிரி எதிர்ப்புறச் சிரிஞ்சுக்குப் போய்ச் சேர வேண்டும், தொடங்கிய சிரிஞ்சில் ஒட்டியிருக்கும் வடியாத கட்டிகள் அதில் கலக்கக் கூடாது. ஒலியதிர்வால் குமிழ்களைச் சிறிதாக்கும் கூர்முனை சோனிகேட்டரும் பயன்படும், ஆனால் அது டைட்டானியத் துகளை உதிர்க்கும். மையவிலக்கில் சுழற்றி நீக்காவிட்டால் அவை கண்ணாடி மேல் புள்ளிகளாக வந்து உட்காரும்.

உடைவது எப்படி

குமிழ் கண்ணாடியைத் தொட்டதும் உடைவதில்லை. முதலில் முழுதாகவே ஒட்டுகிறது, ஒட்டிய இடத்தில் தட்டையாகி இழுபடுகிறது. பக்கத்தில் இன்னொன்று வந்து நெருக்கி, அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டும்போதோ, பக்கத்தில் உடைந்த ஈரடுக்கின் விளிம்பு வந்து தொடும்போதோ உடைகிறது. 1998-இல் கெல்லரும் கசேமோவும் மேலே ஒட்டும் எடையை அதிர்வெண் குறைவாகக் காட்டும் குவார்ட்ஸ் படிகத் துலாவான க்யூசிஎம்-டியில் இதைக் கண்முன்னே காட்டினார்கள். படிகத்தின் அதிர்வெண் முதலில் மளமளவென்று இறங்கி ஒரு பள்ளத்தைத் தொடுகிறது, பின் சற்று ஏறி நிலைக்கிறது. முழுக் குமிழ்கள் தங்களுக்குள் நீரையும் சுமந்திருக்கும், அதனால்தான் அந்தப் பள்ளம். அவை உடையும்போது நீர் வெளியேறி எடை குறைகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் முடிவு நிலை சுமார் −26 ஹெர்ட்ஸ், அதிர்வின் ஆற்றல் இழப்பு மில்லியனில் அரைப் பங்குக்கும் கீழ் என்றால் அது நல்ல ஈரடுக்கு. −26 என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 460 நானோகிராம். தங்கத்தின் மேல் அதே குமிழ்கள் அதிர்வெண்ணை மிக ஆழமாக இறக்கி, ஆற்றல் இழப்பை உயர்த்தி, அப்படியே நின்றுவிடும். உடையாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்.

நுண்ணோக்கியில் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 100 நானோமீட்டர் குமிழ்கள் நெருக்கமாக ஒட்டிய பரப்பும் நல்ல ஈரடுக்கும் ஒரேபோலச் சீராக ஒளிரும். ஒளி சீராக இருப்பது எதற்கும் சான்றல்ல.

பிஎஸ் போன்ற எதிர்மின் லிப்பிட் கூடினால் கண்ணாடியின் எதிர்மின்னூட்டம் குமிழைத் தள்ளிவிடும். 2 மில்லிமோலார் கால்சியம் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். உப்பைக் குறைத்துவிட்டு உடையவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு, 100 முதல் 150 மில்லிமோலார் உப்பு அங்கே அவசியம். பிடிவாதமான குமிழ்களை உடைக்க, ஒட்டியபின் உப்புக் குறைந்த நீரால் அலசி ஊடுபரவல் அழுத்தம் கொடுப்பதும் ஒரு வழி.

அளவுக்கு வருவோம். ஒரு லிப்பிட் மூலக்கூறு பிடிக்கும் இடம் சுமார் 0.7 சதுர நானோமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் ஈரடுக்குக்கு இரு அடுக்கும் சேர்த்து 0.4 மைக்ரோகிராமுக்கும் குறைவான லிப்பிட் போதும். நாம் ஊற்றுவதோ மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கரைசலில் 200 மைக்ரோலிட்டர், அதாவது 40 மைக்ரோகிராம். நூறு மடங்கு உபரி. உடைவதற்கு அடர்த்தி வேண்டும் என்பதால் இந்த உபரி தேவைதான், ஆனால் 15 முதல் 30 நிமிடம் கழித்து அத்தனையும் அலசிப் போக்க வேண்டும். அலசும்போது பரப்பு ஒரு கணம்கூடக் காற்றைப் பார்க்கக் கூடாது. நீர்-காற்று எல்லை ஈரடுக்கின் மேல் கடந்தால் ஈரடுக்கு உரிந்துபோகும். கிண்ணத்தில் எப்போதும் சில மில்லிமீட்டர் பஃபரை விட்டுவைத்து, பாதியை எடுத்துப் பாதியை ஊற்றி, இருபது முறையாவது மாற்றுங்கள். குழாயில் வரும் காற்றுக்குமிழ் ஒன்றே ஒரு நாள் வேலையை அழித்துவிடும். பஃபரை முன்கூட்டியே வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கிவிடுவது நல்லது.

ஓட்டத்தை அளப்பது

ஃப்ராப் முறையில் ஒரு வட்டத்தை லேசரால் வெளுக்கவைத்து, வெளியிலிருந்து ஒளிரும் மூலக்கூறுகள் ஓடிவந்து நிரப்பும் வேகத்தைப் பார்க்கிறோம். சீரான வட்டத்துக்குச் சௌம்பாசிஸ் 1983-இல் தந்த சூத்திரம் எளியது: விரவல் கெழு (மூலக்கூறு எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) என்பது 0.224-ஐ ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதி நிரம்பும் நேரத்தால் வகுத்தது. 10 மைக்ரோமீட்டர் ஆரத்தில் பாதி நிரம்ப 11 விநாடி ஆனால் கெழு விநாடிக்குச் சுமார் 2 சதுர மைக்ரோமீட்டர். கண்ணாடி மேல் பிஓபிசி, டிஓபிசி ஈரடுக்குகளில் 1 முதல் 4 வரை எதிர்பார்க்கலாம். ஓடும் பங்கு 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 80 என்றால் உடையாத குமிழ்கள் மிச்சம். கண்ணாடியைத் திரும்பக் கழுவுங்கள், புரதத்துக்குப் போகாதீர்கள்.

புரதத்துக்கு இதே அளவீட்டைத் தனியாகச் செய்தாக வேண்டும். சாஃப்மனும் டெல்ப்ரூக்கும் 1975-இல் காட்டியபடி, சவ்வில் பதிந்த பொருளின் விரவல் அதன் ஆரத்தோடு மடக்கை அளவில்தான் குறைகிறது. எனவே தடையின்றி மிதக்கும் புரதம் லிப்பிட்டை விடச் சில மடங்குதான் மெதுவாக இருக்க வேண்டும். நூறு மடங்கு மெதுவாகத் தெரிந்தால் அது புரதத்தின் பருமனால் அல்ல, கண்ணாடியோடு உரசுவதால். சிறிய வட்டத்தை வெளுக்கவையுங்கள். 2 மைக்ரோமீட்டர் ஆரத்தில் கெழு 0.1 என்றாலும் 9 விநாடியில் பாதி நிரம்பிவிடும். கண்ணாடியை ஒட்டிய மெல்லிய பகுதியை மட்டும் ஒளியூட்டும் டிர்ஃப் நுண்ணோக்கியில் ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்வது இன்னும் நல்லது, ஏனெனில் ஃப்ராப் தரும் சராசரியில் ஓடும் கூட்டமும் சிக்கிய கூட்டமும் கலந்துவிடும். சாயத்திலும் கவனம் வேண்டும். அட்டோ 647என் போன்றவை தாமாகவே லிப்பிட்டில் ஒட்டும். புரதத்தைப் பிடிக்காத சாயம் மிச்சமிருந்தால் அது லிப்பிட் வேகத்தில் ஓடி, புரதம் ஓடுவதாக நம்மை ஏமாற்றும். வெறும் சாயத்தை மட்டும் விட்ட ஈரடுக்கு ஒன்றை எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள்.

புரதத்தைக் குமிழுக்குள் கொண்டுவருவது

டிடர்ஜென்டில், அதாவது சோப்பு போன்ற பொருளில், கரைந்த புரதத்தை முன்பே செய்த குமிழ்களோடு கலந்து, டிடர்ஜென்டை நீக்குவதே வழக்கமான வழி. முதலில் குமிழ்களுக்குள் டிடர்ஜென்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 540 நானோமீட்டரில் கலங்கலை அளக்க வேண்டும். கலங்கல் உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கும் இடத்தில் குமிழ்கள் டிடர்ஜென்டால் நிறைந்திருக்கும், ஆனால் கரைந்திருக்காது. அந்த இடத்தில் புரதத்தைச் சேர்ப்பது நல்லது. பாக்டீரியோரொடாப்சின் போன்ற புரதங்கள் ஒரே திசையில் நுழைவது இந்நிலையில்தான். பிறகு டிடர்ஜென்டை உறிஞ்சும் பயோ-பீட்ஸ் மணிகளைத் தவணை தவணையாகச் சேர்க்க வேண்டும். ஆக்டைல் குளுகோசைடு என்ற டிடர்ஜென்டின் மைசெல் எல்லை, அதாவது அதன் மூலக்கூறுகள் திரளத் தொடங்கும் செறிவு, 20 மில்லிமோலாருக்கு மேல், எனவே டயாலிசிஸிலேயே (நுண்துளைச் சவ்வு வழியாகக் கசியவிடுவதிலேயே) போய்விடும். டிடிஎம் என்ற டிடர்ஜென்டுக்கு அது 0.17 மில்லிமோலார், டயாலிசிஸில் நாட்கணக்கில் உட்கார்ந்திருக்கும், மணிகள் இல்லாமல் ஆகாது. மணிகளை ஒரேயடியாகக் கொட்டினால் புரதம் கட்டிதட்டும், லிப்பிட்டும் மணிகளோடு போகும். கடைசியில் சுக்ரோஸ் அடர்த்திப் படிகளில் சுழற்றினால் குமிழ்கள் மேலே மிதக்கும், கட்டிதட்டிய புரதம் அடியில் தங்கும். இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பிறகு கண்ணாடியில் காணும் அசையாப் புள்ளிகளுக்குப் பொருள் தேடி அலைவார்கள்.

எவ்வளவு புரதம்? 100 நானோமீட்டர் குமிழில் ஏறக்குறைய 80,000 லிப்பிட்கள். 5,000 லிப்பிட்டுக்கு ஒரு புரதம் என்றால் குமிழுக்குப் பதினாறு, தட்டையாக விரிந்தபின் சதுர மைக்ரோமீட்டருக்கு 570 வரை. இது தாராளம். ஒற்றை மூலக்கூறு பார்க்க இதையும் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். ஒளிரும் புரதத்தோடு ஒளிராததைக் கலந்து செய்வது அதற்கு உகந்தது. புரதம் அடர்ந்த குமிழ்கள் உடைய மறுக்கும். அப்போது புரதமில்லாத வெறும் குமிழ்களைப் பத்து பங்கு கலந்து ஊற்றினால், அவை முதலில் உடைந்து, அவற்றின் விளிம்புகள் மற்றவற்றையும் உடைக்கும்.

இடைவெளியை உயர்த்துவது

கண்ணாடிக்கும் ஈரடுக்குக்கும் இடையே மெத்தை வைப்பதுதான் அடுத்த தீர்வு. மியூனிக்கில் சாக்மனும் பின்னர் தனகாவும் செல்லுலோஸ் போன்ற பாலிமர்களின் நானோமீட்டர் படலங்களை வைத்து இதை வளர்த்தெடுத்தார்கள், இன்டெக்ரின் போன்ற பெரிய புரதங்கள் அதன்மேல் செயலோடு நின்றன. எளிய வழி, பிஇஜி-2000 என்ற பாலிமர் வால் கொண்ட லிப்பிட்டை 0.5 முதல் 3 விழுக்காடு கலப்பது. அந்த வால் சுருண்ட நிலையிலேயே 3.5 நானோமீட்டர் இடம் பிடிக்கும். அதன் குறை, குமிழின் இரு அடுக்கிலும் அது இருப்பதால் மேல்பக்கமும் புல்போர்வை வந்துவிடுகிறது. எதிர்ப்பொருளோ, புரதத்தோடு பிணையும் லைகண்ட் மூலக்கூறோ அதை அணுகத் தடுமாறும். அளவு கூடினால் குமிழே உடையாது.

டாம் குழு 2000-இல் வெளியிட்ட இரண்டு படி முறை இந்தக் குறையைத் தவிர்க்கிறது. நீர்ப்பரப்பில் லிப்பிட்டை ஒற்றை அடுக்காக நெருக்கும் லாங்முயர் தொட்டியில், ஒரு முனையில் சிலேன், நடுவில் பிஇஜி, மறுமுனையில் லிப்பிட் உள்ள மூலக்கூறை மற்ற லிப்பிட்டோடு கலந்து, மீட்டருக்கு 32 மில்லிநியூட்டன் அழுத்தத்தில் ஒற்றை அடுக்காகக் கண்ணாடிக்கு ஏற்றுகிறார்கள். சிலேன் கண்ணாடியோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. அதன்மேல் புரதக் குமிழ்களை விட, அவை மேலடுக்கை முடிக்கின்றன. மெத்தை அடியில் மட்டும். தொட்டி வேண்டும், பொறுமை வேண்டும், ஆனால் துளைத்துச் செல்லும் புரதம் ஓட வேண்டுமென்றால் இதுவே நம்பகமான வழி என்பது என் கருத்து.

திசை இன்னொரு சிக்கல். குமிழில் புரதம் பாதிக்குப் பாதி தலைகீழாக இருந்தால் கண்ணாடியிலும் அப்படியே. மேலே தெரியும் பகுதியை மட்டும் வெட்டும் புரோட்டியேஸ் என்னும் நொதியை ஊற்றி, ஒளி எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் சாயமிட்ட புரதமாக இருந்தால் திசை விகிதம் நேரடியாகக் கிடைக்கும். அதற்கு முன்பு ஈரடுக்கில் ஓட்டை இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புரோட்டியேஸ் அடிப்பக்கமும் போய்விடும்.

அயனிக் கால்வாய்களுக்கு இடைவெளி வேறொரு வகையில் தடை. ஒரு சதுர மைக்ரோமீட்டர் ஈரடுக்கின் அடியில் 1 நானோமீட்டர் நீரில் 100 மில்லிமோலார் உப்பு இருந்தால், அங்கிருக்கும் நேர்மின் அயனிகள் சுமார் 60,000 மட்டுமே. கால்வாய் ஒன்று விநாடிக்கு ஒரு கோடி அயனிகளைக் கடத்தவல்லது. 6 மில்லிவிநாடியில் கிடங்கு காலி! இதனால்தான் தங்க மின்வாயில் கந்தகம் கொண்ட நீண்ட வால் லிப்பிட்களை நட்டு, இடையிடையே மெர்கேப்டோஎத்தனால் நிரப்பி, அடியில் நீர்க்கிடங்கு வைத்த கட்டுண்ட சவ்வுகள் வந்தன. 1997-இல் ஆஸ்திரேலியாவில் கார்னெல் குழு அயனிக் கால்வாயான கிராமிசிடினை வைத்து உணரி செய்தது இப்படிப்பட்ட சவ்வில்தான். இங்கே தரச்சான்று மின்தடை நிறமாலை, அதாவது பல அதிர்வெண்களில் அளந்த மின்தடை: மின்தேக்கம் சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஃபாரட்டுக்குள், தடை மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். மின்தேக்கம் அதிகமென்றால் மூடாத தங்கம் இருக்கிறது. தடை மட்டும் குறைவென்றால் ஊசித்துளைகள், அங்கே கால்வாயின் மின்னோட்டத்தைத் தேடுவது வீண்.

திசையையும் இடைவெளியையும் ஒருசேரத் தீர்க்கும் முறை ஒன்று உண்டு. நௌமன், நோல் ஆகியோரின் குழு 2004-இல் ஆக்சிஜனை ஒடுக்கும் சவ்வுப் புரதமான சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸை ஹிஸ்டிடின் வாலால் தங்கத்தில் நட்ட நிக்கல்-என்டிஏ பரப்பில் பிடித்துக்கொண்டது. அதன்பிறகே அதைச் சுற்றி லிப்பிட்டை நிரப்பி, டிடர்ஜென்டை நீக்கியது. வால் எந்த முனையில் இருக்கிறதோ அதுவே திசை. புரதமே தூணாக நிற்பதால் அது ஓடாது, ஆனால் இங்கே கேள்வி ஓட்டமல்ல, எலக்ட்ரான் கடத்தல். இப்படி வரும் மின்னோட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. ஆக்சிஜன் தங்கத்திலேயே ஒடுங்கும், அதுவும் மின்னோட்டம் தரும். புரதமில்லாத அதே பரப்பில் ஒருமுறை அளவிடுங்கள். புரதமுள்ள பரப்பில் நைட்ரஜன் ஓட்டி ஆக்சிஜனை நீக்கி ஒருமுறை, ஆக்சிஜன் திரும்ப வந்தபின் ஒருமுறை, கடைசியாக ஆக்சிடேஸின் செயலை நிறுத்தும் சயனைடு சேர்த்து ஒருமுறை. சயனைடு பஃபரில் அமிலம் சேரவே விடாதீர்கள், பிஹெச் 7-இலேயே சயனைடின் பெரும்பகுதி ஹைட்ரஜன் சயனைடாக மாறியிருக்கும், அது வாயுவாக வெளியேறும்; காற்றுப்போக்கி அடியில்தான் இந்த அளவீடு.